ஆள் இருக்கு, பீஸ் வரலை: நைட்டி யூனிட்டை முழுசா பீஸ் ரேட்டுக்கு மாத்தலாமா?

வண்ணை தையல்கூடம்:

வணக்கம். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில காட்டன் நைட்டி தைக்கிற சின்ன யூனிட். சரக்கு எம்.சி. ரோடு மொத்தக் கடைங்களுக்குப் போகுது. கட்டிங் மாஸ்டர் 1, டெய்லர் 9, ஹெல்பர் 3, செக்கிங் அயர்னுக்கு 2, ஆக 15 பேர். அதுல 10 பேர் பெண்கள். நேர்த் தையல் போடற சிங்கிள் நீடில் மெஷின் 7, ஓரம் பிசிறாம தைக்கிற ஓவர்லாக் 3. காலை 9.30லேர்ந்து சாயந்திரம் 6.30 வரைக்கும். மதிய சாப்பாடு, ரெண்டு டீ எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் போக 8 மணி நேர வேலை.

எட்டு டெய்லருக்கு ஆளுக்கு ஒரு வேலை பிரிச்சுக் குடுத்திருக்கேன். ஒன்பதாவது ஆள் யார் வரலையோ அங்க உட்காருவார், எல்லாரும் வந்துட்டா அங்கங்க கை கொடுப்பார். டெய்லருக்கு நாள் கூலி 600, ஹெல்பருக்கு 450. சனிக்கிழமை சம்பளம். மாசம் பூரா லீவு போடாதவங்களுக்கு 500 ரூபாய் தனியா.

பிரச்சினை இதுதான். ஒரு நாளைக்கு 180 பீஸ் தாண்ட மாட்டேங்குது. திங்கக்கிழமை ரெண்டு மூணு பேர் வர்றதில்லை, அன்னிக்கு 140க்கு இறங்கிடுது. 180ல 20 பீஸ் ஆல்டருக்கு, அதாவது பிரிச்சுத் திரும்பத் தைக்க, வந்துடுது. தீபாவளிக்கு ஒன்றரை மாசம் முன்னாடி முன்பணம் வாங்கினவங்களே வேற யூனிட்டுக்குப் போயிடறாங்க. சத்தம் போட்டா ரெண்டு நாள் நல்லா ஓடுது, அப்புறம் பழையபடி.

நாள் கூலியை விட்டுட்டு முழுசா பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைக்கிற பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி குடுக்கிறதுக்கு, மாத்திட்டா தானா வேகம் வந்துடும்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க. செய்யலாமா? ஆளுங்களை நடத்தறதுல எங்க தப்பு பண்றேன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

லைன் சூப்பர்வைசர்:

அண்ணா, கூலி முறையைத் தொடாதீங்க, முதல்ல அளங்க. இந்த 180 பீஸ், டெய்லருங்க சோம்பலால வர்ற 180ஆ, இல்ல லைன் (ஒரு மெஷின்லேர்ந்து அடுத்ததுக்குத் துணி போற வரிசை) அடைச்சுக்கிட்டதால வர்ற 180ஆன்னு தெரியாம எது செஞ்சாலும் குருட்டு வேலை.

அளக்கறது சுலபம். செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். ஒவ்வொரு வேலையிலயும் தொடர்ச்சியா 10 பீஸ். துணியைக் கையில எடுக்கிறதுலேர்ந்து முடிச்சு ஓரமா வைக்கிற வரைக்கும் ஒரு பீஸ் கணக்கு. அதிக நேரம் எடுத்த ஒண்ணையும் குறைஞ்ச நேரம் எடுத்த ஒண்ணையும் விட்டுட்டு மீதி எட்டுக்கு சராசரி எடுங்க. காலை 10.30, மதியம் 2.30, சாயந்திரம் 5னு மூணு வேளை. மறைஞ்சு நின்னு அளக்காதீங்க. "எங்க அடைப்புன்னு பார்க்கிறேன், யார் ஸ்லோன்னு பார்க்கலை"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு அளங்க. இல்லாட்டி அன்னிக்கு வேணும்னே மெதுவா தைப்பாங்க, அவங்க மேல தப்பும் சொல்ல முடியாது.

மாதிரிக்கு ஒரு சாதா நைட்டி கணக்கு சொல்றேன். உங்க இடத்துல நம்பர் மாறும், முறை மாறாது.

தோள் சேர்க்க 35 செகண்ட்
யோக் (மார்புக்கு மேல வர்ற துண்டு) சேர்க்க 60
கழுத்து பைப்பிங் (ஓரப் பட்டி) 70
ஜிப் 110
கை வைக்க 75
சைடு அடிக்க 80
கை மடிப்பு 45
கீழ் மடிப்பு 70

மொத்தம் 545 செகண்ட், ஏறக்குறைய 9 நிமிஷம். 8 மணி நேரம்னா 28,800 செகண்ட். பாபின் மாத்த, தண்ணி குடிக்க, பாத்ரூம் போக 15 சதவீதம் கழிங்க. மீதி 24,480. இதை 110ஆல வகுங்க, 222 வரும். ஜிப்புக்கு ஒரே ஆள் இருக்கிற வரைக்கும் மத்த எட்டு பேரும் பறந்து பறந்து தைச்சாலும் 222க்கு மேல ஒரு பீஸ் வெளிய வராது. நீங்க கீழ் மடிப்பு அக்காவைப் பார்த்து சத்தம் போட்டா அவங்க என்ன செய்ய முடியும்? அவங்க கைக்குத் துணியே வந்து சேரலையே.

கைகொடுக்கிற அந்த ஒன்பதாவது ஆளை ஜிப் பக்கம் உட்கார வச்சா அடைப்பு சைடுக்கு நகரும். 24,480ஐ 80ஆல வகுத்தா 306. ஓவர்லாக் மூணுதான், சைடுக்கு இன்னொரு மெஷின் இல்லை. பரவாயில்லை, தோள் சேர்க்கிறவருக்கு ஒரு பீஸுக்கு 35 செகண்ட்தான். அவர் அரை நாள்ல தோளை முடிச்சுட்டு மீதி நேரம் சைடு அடிக்கலாம். ஆனா அவ்வளவு தூரம் இப்போ வேணாம். 240ஐ முதல் குறியா வைங்க.

வாட்ச் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யலாம். காலை 11க்கும் மதியம் 3க்கும் லைனை போட்டோ எடுங்க. எந்த மெஷினுக்கு முன்னாடி துணி குவிஞ்சிருக்கோ அங்கதான் அடைப்பு. அதுக்கு அடுத்த மெஷின்ல ஆள் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க.

அடுத்தது நின்ன நேரம். சுவத்துல ஒரு அட்டை தொங்கவிடுங்க. மெஷின் நம்பர், எத்தனை நிமிஷம் நின்னுச்சு, ஏன்: இவ்வளவுதான். காரணத்துக்கு ஒரே எழுத்து. து துணி வரலை, நூ நூல் இல்லை, மெ மெஷின், க கரண்ட், ஆ ஆல்டர். ஹெல்பர் ஒருத்தர் எழுதினா போதும். ஆளுக்கு 15 நிமிஷம் நின்னா ஒன்பது பேருக்கு 135 நிமிஷம். ஒரு டெய்லரோட நாள் கூலியில கால்வாசிக்கும் மேல அப்படியே போச்சு. சின்ன யூனிட்டுங்கள்ல இந்த அட்டையில து, நூ ரெண்டும்தான் பெருசா வரும். ரெண்டும் முதலாளி பொறுப்பு, டெய்லர் பொறுப்பு இல்லை. நாளைக்குத் தைக்க வேண்டிய துணி இன்னிக்கு சாயந்திரமே வெட்டி, நம்பர் ஒட்டி, 12 பீஸ் ஒரு பண்டலா கட்டி, அதுக்கான நூலும் ஜிப்பும் கூடவே வச்சு இருக்கணும். காலையில கட்டிங் மாஸ்டர் வந்து விரிச்சாருன்னா லைன் 10.15க்குத்தான் ஓட ஆரம்பிக்கும்.

ரெண்டு மெஷினுக்கு நடுவுல ரெண்டு பண்டலுக்கு மேல நிக்க விடாதீங்க. பண்டலை நகர்த்தறது ஹெல்பர் வேலை, டெய்லர் எழுந்து போகக் கூடாது. 240னா 20 பண்டல், மணிக்கு 30 பீஸ். ஒரு போர்டுல மணிக்கு மணி எத்தனை வரணும், எத்தனை வந்துச்சு, ஏன் குறைஞ்சுதுன்னு எழுதுங்க. அந்த மூணாவது கட்டம் நீங்க போய் சரி பண்றதுக்கு, யாரையும் திட்டறதுக்கு இல்லை. ஒரு தடவை திட்டிட்டீங்கன்னா அடுத்த நாள்லேர்ந்து போர்டுல பொய் நம்பர்தான் ஏறும்.

---

கூலிக் கணக்கு:

மேல சொன்னதை ஒரு வாரம் முழுசா செஞ்சுட்டு அப்புறம் இதைப் படிங்க.

முழு பீஸ் ரேட் உங்க மாதிரி பிரிச்சுத் தைக்கிற லைனுக்கு ஒத்து வராது. ஒரே ஆள் முழு நைட்டியும் தைச்சா பீஸ் ரேட் நியாயம். இங்க ஒருத்தர் வேகம் இன்னொருத்தர் கையில இருக்கு. ஜிப்ல அடைச்சா கீழ் மடிப்பு ஆளுக்கு அன்னிக்குக் கூலி குறையும், அதுலேர்ந்து சண்டைதான் வரும். 24 பீஸ்ல கலர் மாறுற குட்டி லாட்டை யாரும் தொட மாட்டாங்க. புது ஆள் கத்துக்கிற மூணு வாரம் வயிறு நிரம்பாம ஓடிடுவாங்க. ஆல்டரும் கூடும்.

600 ரூபாய் அடிப்படை அப்படியே இருக்கட்டும். அதுக்கு மேல பொதுப் பங்கு வைங்க. செக்கிங்ல பாஸான பீஸ் 190ஐத் தாண்டினா, தாண்டின ஒவ்வொரு பீஸுக்கும் 14 ரூபாய் பொதுவுல சேரும். டெய்லருக்கு ஒரு பங்கு, ஹெல்பருக்கு அரைப் பங்கு, மொத்தம் பத்தரைப் பங்கு. 250 வந்தா 60 பீஸ் கூட, 840 ரூபாய். டெய்லருக்கு 80, ஹெல்பருக்கு 40.

உங்களுக்கு என்ன லாபம்னு பாருங்க. இப்போ டெய்லர் ஹெல்பர் கூலி நாளைக்கு 6,750. 180 பீஸ்னா ஒரு பீஸுக்கு 37 ரூபாய் 50 காசு. 250 வந்தா 7,590ஐ 250ஆல வகுங்க, 30 ரூபாய் 36 காசு. அவங்களுக்கும் கூடுது, உங்களுக்கும் பீஸுக்கு 7 ரூபாய் மிச்சம்.

இதுல எங்க கெடும்னா, அவங்க 250 தொட்டதும் "190 ரொம்பக் குறைச்சல், 220 ஆக்கலாம்"னு முதலாளிக்குத் தோணும். ஆக்கினீங்கன்னா அன்னியோட முடிஞ்சது. அப்புறம் எந்தத் திட்டம் கொண்டு வந்தாலும் நம்ப மாட்டாங்க. மாடல் மாறினா ஒழிய ஆறு மாசத்துக்கு இந்த நம்பர் மாறாதுன்னு எழுதி ஒட்டுங்க. பங்குக் காசை வாரா வாரம் சம்பளத்தோட குடுத்துடுங்க, மாசக் கடைசிக்குத் தள்ளாதீங்க. உழைச்சதுக்கும் காசுக்கும் நடுவுல இடைவெளி கூடக் கூட அந்தக் காசுக்கு வேகம் கிடையாது.

சட்டத்துல தவற விடக் கூடாதது சில. பீஸ் ரேட்டா இருந்தாலும் கணக்குப் போட்டா குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ போகக் கூடாது. தமிழ்நாட்டுல தையல் தொழிலுக்குன்னு தனியா குறைந்தபட்சக் கூலி இருக்கு, அகவிலைப்படி வருஷா வருஷம் ஏப்ரல் 1ல மாறும். 15 பேர் இருக்கறதால இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டியே ஆகணும், 10 பேர்லேர்ந்தே அது வந்துடும். மாசம் 21,000 வரைக்கும் வாங்கறவங்களுக்கு அவங்க பங்கு 0.75 சதவீதம், உங்க பங்கு 3.25 சதவீதம். 600 வீதம் 26 நாளைக்கு 15,600னா அவங்ககிட்ட 117, உங்ககிட்ட 507. பிரசவம், அறுவை சிகிச்சைன்னு வந்தா அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு இ.எஸ்.ஐ. அட்டையோட போகலாம். வீட்ல ஒருத்தர் படுத்துட்டா 30,000, 40,000ன்னு முன்பணம் கேட்டு வர்றது இதனாலயே பாதி குறையும். 20 பேரைத் தொட்டா பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) வரும், அதையும் கணக்குல வச்சுக்கிட்டு ஆள் எடுங்க. தீபாவளி சமயத்துல நைட் வேலைக்கு ஓவர்டைம் ரெண்டு மடங்கு. "சாப்பாடு வாங்கிக் குடுத்தேன்"ங்கிறது ஓவர்டைம் ஆகாது.

---

ராயபுரம் ரெடிமேட்:

முன்பணம் குடுக்கறதே தப்பு. அதை நிறுத்துங்க, இல்ல ஒரு வாரக் கூலியை எப்பவும் கையில பிடிச்சு வைங்க. போறவன் யோசிப்பான்.

---

கூலிக் கணக்கு:

மேல எழுதினவருக்கு: கூலியைப் பிடிச்சு வைக்கிறது சட்டப்படி தப்பு. 2019 ஊதியச் சட்டத் தொகுப்புப்படி வேலையை விட்டுப் போறவங்களுக்கு ரெண்டு வேலை நாளுக்குள்ள கணக்குத் தீர்க்கணும். முன்பணம் பாக்கியிருக்குன்னு ஒருத்தரை வேற எங்கயும் போகக் கூடாதுன்னு தடுத்தா அது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள்ள போயிடும். சட்டத்தை விடுங்க, கூலி பிடிக்கிற இடம்னு ஒரு தடவை பேர் வந்துட்டா தண்டையார்பேட்டை வரைக்கும் நல்ல டெய்லர் யாரும் வர மாட்டாங்க.

முன்பணத்தை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினா கந்து வட்டிக்குப் போவாங்க, தண்டல்காரர் வாசல்ல வந்து நிப்பார், அன்னிக்குத் தையலும் ஓடாது. அளவு வைங்க. ஆளுக்கு அதிகபட்சம் 15 நாள் கூலி. ஒரு பாக்கி முடிஞ்சாத்தான் அடுத்தது. நோட்டுல தேதி, தொகை, வாரத் தவணை எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து. அதே பக்கத்தை அவங்க போன்ல போட்டோ எடுத்துக்கச் சொல்லுங்க. 9,000 வாங்கினா வாரம் 500, 18 வாரம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில பாதியைத் தாண்டக் கூடாதுன்னு சட்டம். நடைமுறையில ஆறுல ஒரு பங்குக்கு மேல பிடிச்சாலே ஆள் அடுத்த யூனிட்டைத் தேட ஆரம்பிச்சுடுவாங்க.

காசிமேடு பக்கத்துலேர்ந்து வர்றவங்க இருந்தா ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வீட்டுக்காரருக்குக் கடல் வருமானம் இருக்காது, பள்ளிக்கூடம் திறக்கிற செலவும் அப்பதான் வரும். முன்பணக் கோரிக்கை அந்த மாசங்கள்ல குவியும்னு தெரிஞ்சு முன்கூட்டியே காசு ஒதுக்குங்க.

தீபாவளிக்கு முன்னாடி ஆள் போறதுக்கு முன்பணம் காரணமில்லை. போனஸ் எவ்வளவுன்னு கடைசி நாள் வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது, பக்கத்து யூனிட்காரர் இப்பவே ஒரு தொகை சொல்றார், போயிடறாங்க. ஆடி மாசத்துலயே வேலை செஞ்ச நாள் கணக்குல போனஸ் இவ்வளவுன்னு எழுதிக் குடுங்க. புரட்டாசியில ஒவ்வொருத்தருக்கும் "இதுவரைக்கும் உங்க கணக்குல இவ்வளவு சேர்ந்திருக்கு"ன்னு ஒரு துண்டுச் சீட்டு. கண்ணுக்குத் தெரியற காசை விட்டுட்டு யாரும் லேசுல போக மாட்டாங்க.

---

கொருக்குப்பேட்டை அக்கா:

தம்பி, திங்கக்கிழமை பத்தி யாரும் சொல்லலை, நான் சொல்றேன்.

சனிக்கிழமை சாயந்திரம் சம்பளம், ஞாயித்துக்கிழமை செலவு, திங்கக்கிழமை அலுப்பு. சம்பளத்தைப் புதன்கிழமைக்கு மாத்துங்க. ஆனா அவங்களை நாலு நாள் காக்க வச்சு மாத்தாதீங்க, வீட்ல அடுப்பு எரியணும். ஒரு சனிக்கிழமை வழக்கம்போல முழுசா குடுங்க. அடுத்த புதன்கிழமை அந்த மூணு நாள் கூலியைக் குடுத்துடுங்க. அதுலேர்ந்து புதனுக்குப் புதன். யாருக்கும் ஒரு நாள்கூட தள்ளிப் போகாது. பங்குக் காசும் அன்னிக்கே.

மாசம் முழுக்க வந்தா 500ங்கிறதும் சரியில்லை. 3ஆம் தேதி குழந்தைக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் போச்சுன்னா 500ம் போச்சு. மீதி மாசத்துக்கு அவங்களைப் பிடிச்சு வைக்க எதுவுமே இல்லை. வாரக் கணக்காக்குங்க. ஆறு நாளும் வந்தா 120. மாசத்துல ஒரு நாள் முன்னாடியே சொல்லிட்டு எடுக்கிற லீவை இதுல சேர்க்காதீங்க. சொல்லாம போறதுதான் லைனைக் கெடுக்குது, லீவு இல்லை. காலை 8.30க்குள்ள குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டா போதும்னு சொல்லுங்க. அப்பத்தான் 9.30க்கு யாரை எங்க உட்கார வைக்கிறதுன்னு நீங்க முடிவு பண்ண முடியும்.

அதுக்கு ஒரு அட்டவணை வேணும். பக்கவாட்டுல பேர், மேல வேலை. யாருக்கு எது நல்லா வருமோ அங்க முழுப் புள்ளி, சுமாரா வந்தா அரைப் புள்ளி. எந்த வேலைக்கு முழுப் புள்ளி மூணு பேருக்குக் கீழ இருக்கோ அதைக் கத்துக்குடுக்க வியாழக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. அந்த ஒரு மணி நேரத்துல பீஸ் குறையும், குறையட்டும், திங்கக்கிழமை அது திரும்ப வந்துடும்.

லேட்டா வர்றவங்களைத் திட்டறதுக்கு முன்னாடி எப்படி வர்றாங்கன்னு கேளுங்க. பெண்களுக்கு சாதா கட்டண பஸ் இலவசம், அதுக்காக அந்த பஸ்ஸுக்கே காத்திருப்பாங்க. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிட்டா கால் மணி நேரம் அங்கயே போயிடும். பத்து நிமிஷம் லேட்டுக்கு அரை நாள் கூலி பிடிக்கிற பழக்கம் இருந்தா நிறுத்துங்க. பத்து நிமிஷம் லேட் ஆகும்னு தெரிஞ்சா அன்னிக்கு வராமலே இருந்துடுவாங்க. ஐப்பசி கார்த்திகையில மழை வந்தா வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் தெருவுல தண்ணி நிக்கும். உங்க தீபாவளி அவசரமும் அப்பதான். அந்த வாரங்களுக்கு நாலு நாள் சரக்கு முன்கூட்டியே தைச்சு வைங்க.

பிசிறு வெட்டறது, கை மடிப்பு மாதிரி வேலைக்குப் பள்ளிக்கூட நேரம் பார்த்து 10லேர்ந்து 3.30 வரைக்கும் வர்ற மாதிரி ஒரு பாதி ஷிப்ட் வைங்க. நல்லா தைக்கத் தெரிஞ்சும் வீட்லயே இருக்கிற எத்தனையோ பேர் வருவாங்க.

இன்னொண்ணு, இதை வெட்கப்பட்டு யாரும் உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. பாத்ரூம் கதவுக்கு உள் தாழ்ப்பாள், உள்ள தண்ணி, மூடி போட்ட குப்பைத் தொட்டி இருக்கான்னு பாருங்க. இல்லாட்டி பாத்ரூம் போக வேண்டி வரும்னு தண்ணியே குடிக்காம உட்கார்ந்திருப்பாங்க. 4 மணிக்கு மேல தலைவலி, கை மெதுவாகும், ஆல்டர் கூடும். உங்க போர்டுல 4லேர்ந்து 5 வரைக்கும் நம்பர் விழுந்தா முதல்ல அங்க பாருங்க. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல பாலியல் புகார் விசாரிக்கிற உள் குழு இருக்கணும், தலைவி பெண்ணா இருக்கணும், பாதிக்குக் குறையாம பெண்கள் இருக்கணும். 2013 சட்டம். அதையும் வச்சுடுங்க தம்பி.

---

மெஷின் மெக்கானிக்:

180க்கு 20 ஆல்டர்னா 11 சதவீதம். இதுல முக்கால்வாசி கைத் தப்பா இருக்காது, மெஷின் தப்பா இருக்கும். ஒரு வாரத்துக்கு செக்கிங்ல ஒவ்வொரு ஆல்டரையும் வகை பிரிச்சுக் கோடு போடுங்க. சில வகைதான் பெருசா நிக்கும்.

தையல் விட்டு விட்டு விழுந்தா ஊசி. காட்டன் நைட்டிக்கு 11 இல்லாட்டி 14 நம்பர். தினம் காலையில புது ஊசி, உடையற வரைக்கும் ஓட்டாதீங்க. ஊசி முனையை நகத்துல லேசா இழுத்துப் பாருங்க, கீறினா முனை மழுங்கிடுச்சு. ஒரு ஊசி விலை என்ன, ஒரு நைட்டியைப் பிரிச்சுத் தைக்கிற நேரம் என்ன? புது ஊசி போட்டும் விட்டு விழுந்தா ஹூக் டைமிங் (ஊசி நூலைப் பிடிக்கிற கொக்கியோட நேரம்) தப்பு, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

சைடு பிரியுதுன்னு கடைக்காரர் திருப்பி அனுப்பினா மூணு நூல் ஓவர்லாக்ல மட்டும் சைடு அடிக்கிறீங்களான்னு பாருங்க. நைட்டி சைடுல இழுவை அதிகம். அஞ்சு நூல் ஓவர்லாக் வேணும், இல்லாட்டி சிங்கிள் நீடில்ல ஒரு தையல் ஓட்டிட்டு ஓவர்லாக் அடிக்கணும். அதுக்குக் கூடுதலா ஆகிற நேரத்தையும் லைன் கணக்குல சேருங்க. ஓவர்லாக் கத்தி மழுங்கினா ஓரம் கடிச்ச மாதிரி வரும்.

ஜிப் அலை அலையா நின்னா பாதத்தோட அழுத்தம் அதிகம், இல்ல துணியை இழுத்துத் தைக்கிறாங்க. ஒத்தைப் பக்கப் பாதம் மாட்டுங்க. கழுத்து பைப்பிங் முறுக்கிக்கிட்டா பட்டியை 45 டிகிரி குறுக்கா வெட்டலைன்னு அர்த்தம். துணி மிச்சம் பிடிக்கிறேன்னு கட்டிங்ல நேரா வெட்டிடுவாங்க, திட்டு வாங்கறது டெய்லர்.

ஆல்டரை சாயந்திரம் மொத்தமா குடுக்காதீங்க. செக்கிங் ஆள் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு மெஷின்லயும் 5 பீஸ் எடுத்துப் பார்க்கணும். ஒண்ணு தப்பா இருந்தா அந்தப் பண்டல் முழுக்கப் பார்க்கணும். அப்பவே, அதே கைக்கு. காலையில கெட்ட ஊசி சாயந்திரம் 6 மணிக்குத் தெரிஞ்சா நாள் முழுக்க அதே தப்பு.

கரு நீலம், கறுப்புத் துணியில ஆல்டர் கூடினா வெளிச்சம் போதலை. காந்தம் வச்ச சின்ன எல்.இ.டி. விளக்கு ஒண்ணை ஊசிக்கிட்ட ஒட்டுங்க. பழைய கிளட்ச் மோட்டார் இருந்தா ஒண்ணொண்ணா சர்வோவுக்கு மாத்துங்க. மிதிக்கும்போது மட்டும்தான் ஓடும், கரண்ட் மிச்சம். அதோட புது ஆளுக்கு வேகத்தை நிமிஷத்துக்கு 2,000 தையல்ல கட்டி வச்சு, கை பழகப் பழக ஏத்தலாம்.

---

வண்ணை தையல்கூடம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அளந்துட்டேன். ஜிப் சராசரி 118 செகண்ட். 11 மணி போட்டோவுல ஜிப் மெஷின் முன்னாடி 5 பண்டல், கை வைக்கிற இடத்துல ஒண்ணும் இல்லை. நின்ன நேரம் அட்டையில து 70 நிமிஷம், நூ 40 நிமிஷம். இதுவரைக்கும் டெய்லருங்களைக் குறை சொல்லிட்டிருந்தது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

ஆனா ஒரு சிக்கல். ஜிப் வைக்கிறவர் 15 வருஷம் அனுபவம் உள்ள பெரியவர். பக்கத்துல இன்னொருத்தரை உட்கார வைக்கலாம்னு சொன்னதும் முகம் மாறிடுச்சு. "என் வேலை பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, போயிடறேன்"ங்கிறார். அவரை விட மனசு இல்லை. என்ன செய்யறது?

---

லைன் சூப்பர்வைசர்:

அவர் பயப்படறதுல நியாயம் இருக்கு அண்ணா. ஜிப் தெரிஞ்ச ஒரே ஆள்ங்கிறதுதான் அவரோட மதிப்பு. அதைப் பங்கு போட்டுக்குடுன்னு கேட்டா யாருக்கும் வலிக்கும்.

அதே வேலையை ரெண்டு பேருக்குக் குடுக்காதீங்க, வேலையைப் பிரிச்சுடுங்க. அந்த 118ஐத் திரும்ப அளங்க, இந்தத் தடவை ரெண்டு துண்டா. முன்பக்கம் அளவு குறிச்சு, பிளவு வெட்டி, ஜிப் நீளம் நறுக்கி, துணி மேல எடுத்து வைக்கிறது ஒரு துண்டு. தைக்கிறது இன்னொரு துண்டு. முதல் துண்டு 45, தையல் 73ன்னு வருதுன்னு வைங்க. பெரியவர் தைக்கிறது மட்டும் செய்வார். 24,480ஐ 73ஆல வகுத்தா 335. ஜிப் அடைப்பு விட்டுடும். முதல் துண்டை ஒன்பதாவது ஆள் செய்யட்டும். 250 பீஸுக்கு 45 செகண்ட்னா மூணு மணி நேரம் சொச்சம்தான், மீதி நேரம் அவர் வழக்கம்போல அங்கங்க கை கொடுக்கலாம்.

பேசறது எல்லார் முன்னாடியும் வேணாம், மெஷின் ஓடும்போதும் வேணாம். மதியம் சாப்பிட்டு முடிச்சதும் அவர் மெஷின் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்காருங்க. போட்டோவைக் காட்டுங்க. "அண்ணே, இவ்வளவு பண்டல் உங்ககிட்ட நிக்குது, நீங்க குறிக்கிறதுக்கும் வெட்டறதுக்கும் போற நேரத்துல நாலு ஜிப் வச்சுடுவீங்க. உங்க கையைத் தையலுக்கு மட்டும் வச்சுக்கலாம், குறிச்சு வெட்டறதை அவர் செய்யட்டும். எப்படி வெட்டணும்னு நீங்கதான் சொல்லித் தரணும், நீங்க ஓகே பண்ணாத பீஸ் உங்க மெஷினுக்கு வரக் கூடாது"ன்னு சொல்லுங்க. வேகம்ங்கிற வார்த்தையே எடுக்காதீங்க. அவர் கூலி எந்தக் காரணத்துக்கும் குறையாதுன்னு அப்பவே சொல்லிடுங்க.

பிளவு வெட்ட அட்டையில ஒரு அச்சு செஞ்சு குடுங்க, நீளத்தையும் நடுக்கோட்டையும் அதுலயே குறிச்சுடலாம். இல்லாட்டி புது ஆள் கால் இஞ்ச் கூட வெட்டிட்டு பீஸே வீணாகும். முதல் நாள் ரெண்டு பண்டல் மட்டும் இப்படி ஓட்டுங்க, வெளிர் நிறத் துணியில. மூணு வாரம் கழிச்சு பெரியவர் லீவு போடற நாளுக்காகன்னு சொல்லி ஒன்பதாவது ஆளுக்கு தினம் ஆறு பீஸ் ஜிப் தைக்கக் குடுங்க. சொல்லிக்குடுக்கிற மாசத்துக்குப் பெரியவருக்குத் தனியா ஒரு தொகை, அவர் கையில நேரா.

சிங்கிள் நீடில்ல ஏழாவது மெஷின் சும்மாதானே நிக்குது? அதை எடுத்துட்டு, வெட்டற மேஜையைப் பெரியவரோட இடது கைப்பக்கம் போடுங்க. துணி இடதுலேர்ந்து வரணும், முடிஞ்சது வலது பக்கம் போகணும். அவர் முதுகைத் திருப்பி எடுக்கிற மாதிரி போட்டீங்கன்னா அந்த 73 மறுபடி 85 ஆகிடும்.